யார் கையில் இருக்கிறது உடம்பு?

கம்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ஜீப்புகள் கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் ஆள் இறக்குகின்றன. பெரும்பாலும் பெண்கள். உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "எல்லாம் விதிங்க" என்பார்கள். இதைக் கேட்டு, விழிப்புணர்வே இல்லை என்று அலுத்துக்கொள்ளும் படித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உடல்நலம் யார் கையில் இருப்பதாக ஒருவர் நம்புகிறார் என்று அளக்க, 1978இல் அமெரிக்க உளவியலாளர்கள் கென்னத் வால்ஸ்டன், பார்பரா வால்ஸ்டன், ராபர்ட் டிவெல்லிஸ் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். தன் கையிலா, மருத்துவர் போன்ற பிறர் கையிலா, தற்செயலின் கையிலா? நல்ல கேள்விதான். ஆனால் நம்பிக்கையைத்தான் அது கேட்கிறது; நிஜத்தில் அவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதில்லை.

ஒருநாள் ஏலத் தோட்டத்தில், பக்கத்துப் பத்தியில் பூச்சிமருந்தடிப்பு. காய் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா நிமிர்ந்து காற்றுப் போக்கைப் பார்த்தார். "இந்தப் பக்கம் வருது, சோத்தை மூடுங்கடி" என்று குரல் கொடுத்துவிட்டு, துண்டை மூக்குக்கு மேலே இறுக்கிக் கட்டினார். தண்ணீர்க் கேனைத் தூரமாக நகர்த்தி வைத்தார். அதற்குப் பிறகுதான், "ஆயுசு கெட்டியா இருந்தா ஒண்ணும் ஆகாது தம்பி" என்றார். பிரஷர் மாத்திரையை அவர் ஒருநாளும் விடுவதில்லை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டியும் எடுக்கிறார். ஊழுக்கும் ஆள்வினைக்கும் மருந்துக்கும் தனித்தனி அதிகாரம் எழுதிய வள்ளுவரின் மொழியில் இதில் முரண் ஏது?

அவரால் முடிந்ததை எல்லாம் செய்துவிட்டார். என்ன மருந்து, எப்போது அடிப்பது என்பது அவரைக் கேட்டு முடிவாவதில்லை. தொழிலாளருக்கு மருத்துவ வசதி தரவேண்டும் என்றிருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம்கூட 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்களைப் பொதுவாகத் தொடவில்லை. ஏலமோ சிறு தோட்டங்களில் நிறைய விளைகிறது. எஞ்சியதை அவர் விதி என்கிறார். அந்த எஞ்சியதில் பாதி, தோட்டக்காரர்களும் அரசும் நினைத்தால் மாற்றக்கூடியது என்பதால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

நாளை எந்தப் பத்தியில் மருந்தடிப்பு என்று முந்தின சாயங்காலமே சொல்லிவிடலாம். அன்றைக்கு இந்தப் பெண்களை வேறு பத்திக்கு அனுப்பலாம். கூலி குறையாமல்.