காரணம் அறிதலும் பழி கூறுதலும்

உணவு செல்லும் வழியும் சொல் பிறக்கும் இடமும் தொண்டையே. ஆதலின் அதற்கு வரும் நோயை ஆராயுங்கால், உண்பதோடு உரைப்பதையும் சேர்த்து ஆராய்தல் தகும்.

தொண்டைப் புற்றுநோய்க்குப் புகையிலையும் மதுவும் முதன்மைக் காரணங்கள் என்பது ஐயமற நிறுவப்பட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் மது புற்றுநோயை விளைவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. உடலில் மது அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாறி உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. புகையும் மதுவும் ஒருவரிடத்தே கூடுமாயின், விளையும் கேடு இரண்டின் கூட்டுத்தொகையினும் மிகுதியாகும்.

மது நீத்த இல்லங்களுக்கு அச்சமில்லை என்று சிலர் கருதலாம். அது முழு உண்மையன்று. புகையிலை சேர்ந்த தாம்பூலம் வாயையும் தொண்டையையும் உணவுக்குழாயையும் தாக்கும். பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் பொருளே என அம்முகமை 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறியது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பருகும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றை உண்டாக்கக் கூடும் என்று 2016இல் அறிவித்தது. குற்றம் காப்பியிலோ தேநீரிலோ அன்று, மிகுந்த சூட்டிலேயே.

இனி, அறத்தைப் பற்றிய வினா. காரணம் தெரிந்துவிட்டமையால், நோயுற்றவரை நோக்கி, "நீர் செய்த வினையை நீரே நுகர்கின்றீர்" எனக் கூறலாமா? கூடாது. அது பொய்யாகவும் இருக்கலாம். மதுவையும் புகையிலையையும் தீண்டாதவரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர், எச்.பி.வி. என்னும் வைரஸும் ஒரு காரணம். தீய பழக்கம் நோய் வரும் வாய்ப்பை மிகுவிக்கும். இன்னாருக்கு வந்தே தீரும் என்று விதிப்பதில்லை.

மேலும், பழிச்சொல்லுக்கு அஞ்சுவோர் நோயை மறைப்பர். மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல், விழுங்குவதில் இடர், கழுத்தில் கட்டி ஆகியவை தோன்றின் மருத்துவரை அணுகுதல் வேண்டும். குரல்வளைப் புற்று தொடக்கத்திலேயே அறியப்படின் பெரும்பாலும் குணமாகும். மறைத்தலால் காலம் கடந்துபோமாயின், அக்கேட்டில் பழித்தவர்க்கும் பங்குண்டு. நாவினால் செய்யும் இம்சையும் இம்சையே.

எனவே, காரண அறிவு நம்மைக் காத்துக்கொள்வதற்கும் பிறரை உரிய காலத்தில் எச்சரிப்பதற்கும் உரியது. நோயுற்றார்மீது தீர்ப்புச் சொல்வதற்கன்று. புகையிலையையும் பாக்கையும் இன்றே விலக்குவோமாக. புகைப்பதை விட்டவர்க்கு இடர் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். நோயுற்றார் இல்லம் செல்வோர் காரணம் வினவாது, அவர் விழுங்கத்தக்க கஞ்சியை ஆற்றிக் கொடுத்து அருகிருப்பாராக.