இன்னொன்று இருக்கிறதே!

எறையூரில் எனக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. மூன்று சகோதரர்கள். பாகம் பிரிந்த பிறகும் தகப்பனாருடைய டிரங்குப் பெட்டியை மட்டும் பொதுவில் வைத்திருந்தார்கள். குடும்பத்தின் பிறப்பு இறப்புகளை அவர் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகம் அதில் இருந்தது. ஒரு போகியன்று இளையவர், பெட்டியிலிருந்த பழைய காகிதங்களோடு அதையும் நெருப்பில் போட்டுவிட்டார்.

"நீங்கதான் பார்த்து எழுதி வச்சிருக்கீங்களே, அண்ணே!" என்றார் அவர்.

"பெட்டியிலே மூலம் இருக்குன்னு நான் அதைக் கவனிக்கவே இல்லைடா. கரையான் அரிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு" என்றார் மூத்தவர்.

இருவரில் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்ட நடுவிலவர் வாய் திறக்கவில்லை.

இதில் குற்றவாளி யார்?

சென்னையில் மெயின்ஃபிரேம் கணினிகளோடு காலம் கழிக்கும் என் மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "எங்களுக்கும் இதே பெட்டிதான், மாமா" என்றான்.

பெரிய நிறுவனங்களில் இரண்டு மூன்று மெயின்ஃபிரேம்கள் ஒரே வட்டுத் தொகுதியைப் பொதுவில் வைத்துப் புழங்குவதுண்டாம். ஒன்று எழுதும்போது மற்றது குறுக்கிடாதிருக்கப் பூட்டு உண்டு. காப்பதிலும் இரு வகை. மூலத்தை இருந்த இடத்திலேயே விட்டு நகல் எடுப்பது பேக்கப். நெடுநாள் தொடாததை வட்டிலிருந்து அகற்றி நாடாவில் சேர்ப்பது ஆர்க்கைவ். முன்னதில் நகல் கெட்டாலும் மூலம் இருக்கும். பின்னதிலோ நாடாவில் இருப்பதே மூலம். இந்த வித்தியாசத்தை மறந்தவன் கையில் பொதுச் சொத்து அகப்பட்டால் என்ன ஆகும்? அதனால்தான், எல்லா இயந்திரங்களும் புழங்கினாலும், இன்ன காவல் வேலை இன்ன இயந்திரத்துக்கு என்று முன்கூட்டியே விதித்து விடுகிறார்கள்.

இந்த விவேகம் நமக்குப் புதிதல்ல. எறையூருக்குத் தெற்கே, அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலே சாட்சி. கோயில் சுவர் என்பது அக்காலத்தில் ஊரின் பொதுப் பத்திரப் பெட்டி அல்லவா? முதலாம் இராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், சுமார் 1012-இல், அங்கே விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்டக் கட்டளையிட்டான். இடிக்குமுன் சுவரிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்பதும் அவன் ஆணை. அவன் மகன் இராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், 1026 வாக்கில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதிய சுவரில் மீண்டும் பொறித்தார்கள்.

சுவர் விழுந்த கணத்திலேயே நகல் மூலமாகிவிட்டது. விளக்குக்கு வைத்த நிவந்தமும், கோயிலுக்கு விட்ட நிலமும் அந்த ஒரு புத்தகத்தை நம்பியே நின்றன. அதைக் காத்தவர்கள், 'இன்னொன்று இருக்கிறதே' என்று ஆறுதல் கொள்ள முடியாது. அப்படி ஆறுதல் கொள்ளாததால்தான் அது சுவர் வந்து சேர்ந்தது.

எறையூர்ச் சகோதரர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. அவசரமும் அசட்டையும் ஆளுக்குக் கொஞ்சம் இருந்தன. ஆனால் பெரிய குற்றம் மூவருக்கும் பொதுவானது. பொருளைப் பொதுவில் வைத்தவர்கள், பொறுப்பை ஒருவர் பெயரில் வைக்கவில்லை.

அடுத்த முறை நான் போனபோது நடுவிலவர் புது நோட்டு ஒன்றில், நினைவுக்கு வந்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். பாட்டியின் திதி இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதைச் சொல்ல யாரும் இல்லை.