உடைமையும் உபயோகமும்

வெக்ட்ரெக்ஸ் என்ற விளையாட்டு யந்திரம் 1982 நவம்பரில் 199 டாலர் விலையில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 1984-ல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இந்தக் குறுகிய காலத்துக்குள் அதை வெளியிட்ட ஜி.சி.இ. கம்பெனி, மில்டன் பிராட்லி என்ற பெரிய பொம்மைக் கம்பெனியின் வசமாயிற்று. ஜப்பானில் பண்டாய் கம்பெனி 'ஒளிவேகக் கப்பல்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டி விற்றுப் பார்த்தது. அங்கும் எடுபடவில்லை. இப்படித் தோற்றுப்போன யந்திரங்களைத் தேடிப் பிடிப்பதும், பழுது பார்ப்பதும், ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்வதும் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஒரு தனி வியாபாரமாக நடக்கின்றன. பால்ய ஏக்கம் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். இலக்கியக்காரர்கள் அப்படித்தான் ஒதுக்குவார்கள். தங்கள் அலமாரிகளில் இருப்பது வேறு ஜாதி ஏக்கம் என்ற நம்பிக்கையில். ஆனால் மிகப் பழைய தார்மீகப் பிரச்னை ஒன்று இந்த வியாபாரத்துக்குள் கூர்மையான வடிவில் கிடக்கிறது. உபயோகத்தில் மட்டுமே அர்த்தம் பெறும் ஒரு பொருளை உபயோகிக்காமல் வைத்திருப்பவனுக்கு அதன்மேல் உள்ள உரிமை எத்தகையது? அவனுக்கு அதை விற்பவனுக்கு என்ன பொறுப்பு?

வெக்ட்ரெக்ஸை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மற்ற விளையாட்டு யந்திரங்களை வீட்டு டெலிவிஷனோடு இணைக்க வேண்டும். இதற்குள் ஒன்பது அங்குல பிக்சர் ட்யூப் ஒன்று நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. டெலிவிஷனில் எலெக்ட்ரான் கதிர் இடமிருந்து வலமாக, வரிவரியாக, காட்ட வேண்டியது இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரை முழுவதையும் உழுதுகொண்டே போகும். வெக்ட்ரெக்ஸின் கதிர் கோடு இருக்கும் இடத்துக்கு மட்டும் போகிறது. கையில் பேனா பிடித்து வரைவதைப்போல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுக்கிறது. திரையில் பூசிய பாஸ்பரின் ஒளி கணத்தில் மங்கிவிடுவதால், அதே கோட்டை நொடிக்குப் பல தடவை திரும்பத் திரும்ப வரைந்தாக வேண்டும். கோடுகள் அதிகமானால் படம் நடுங்கும். உள்ளே வரையும் வேலை நடக்கிற சப்தம் ஒலிபெருக்கியில் ஓர் இரைச்சலாகக் கசிந்துகொண்டே இருக்கும். படம் கறுப்பு வெள்ளைதான். நிறம் வேண்டுமென்று ஒவ்வொரு விளையாட்டோடும் வண்ணம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதைத் திரைமேல் செருகிக்கொள்ள வேண்டும்.

அதே விளையாட்டுகளை இன்றைய கம்ப்யூட்டர்களில் போலியாக ஓட்டிக்காட்டும் நிரல்கள் இருக்கின்றன. கோடுகள் எல்லாம் அப்படியே வருகின்றன. விதிகளும் எண்ணிக்கைகளும் பிசகுவதில்லை. ஆனால் வருவது புள்ளிகளால் ஆன கோட்டின் பிரதிமைதான். அந்தக் கோட்டின் உக்கிரமான பிரகாசம், முனைகளில் கதிர் ஒரு கணம் தயங்கும்போது கூடும் ஒளி, இவை பிக்சர் ட்யூபுக்கு வெளியே கிடையாது. விளையாட்டை நகலெடுத்துவிடலாம், ஒளிர்தலை நகலெடுக்க முடிவதில்லை. பிக்சர் ட்யூப் உற்பத்தியோ 2010களின் நடுவிலேயே உலகெங்கும் ஏறக்குறைய முடிந்துபோய்விட்டது. இருப்பதுதான் இருப்பு.

இந்த உலகத்தில் அபூர்வம் என்பது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். வெக்ட்ரெக்ஸில் பிறவியிலேயே அமைந்த விளையாட்டின் பெயர் மைன் ஸ்டார்ம். அதில் ஒரு குறை: பதின்மூன்றாவது கட்டத்தில் விளையாட்டு நிலைகுலைந்து நின்றுபோகும். பெரும்பாலோர் அவ்வளவு தூரம் போகவில்லை. போனவர்களிலும் பெரும்பாலோர் அதுதான் முடிவு என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். புகார் எழுதியவர்களுக்குக் கம்பெனி குறை நீக்கிய கார்ட்ரிட்ஜ் ஒன்றை இலவசமாக அனுப்பிவைத்தது. புகார்கள் சொற்பம், எனவே கார்ட்ரிட்ஜ்களும் சொற்பம். மைன் ஸ்டார்ம் இரண்டு என்ற அந்தக் கார்ட்ரிட்ஜ் இன்று வெக்ட்ரெக்ஸ் சேகரிப்பாளர்கள் பேராவலோடு தேடும் பொருள்களில் ஒன்று. கம்பெனி தன் பிழைக்குச் செய்த பிராயச்சித்தம் அது. யாருக்கும் விற்கப்பட்டதே இல்லை. விற்கப்படாமல் போனதாலேயே பெரும் விலை பெற்றது. இந்த வியாபாரத்தின் தர்க்கம் முழுவதும் இந்த ஒரு கார்ட்ரிட்ஜில் அடங்கிவிடுகிறது. ஜனங்கள் விரும்பியது லட்சக்கணக்கில் அச்சாகி மலிந்து கிடக்கிறது. அவர்கள் புறக்கணித்ததற்குத்தான் விலை. முன்னூறு பிரதி அச்சிட்டு அதிலும் பாதி கட்டுப் பிரியாமல் கிடந்த பத்திரிகையின் பழைய இதழ்களுக்கு இப்போது அலைகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புறக்கணிப்பு ஏறக்குறைய ஒரு முத்திரையாகவே மாறிய சந்தர்ப்பமும் உண்டு. 1983-ல் அட்டாரி கம்பெனி விற்காத கார்ட்ரிட்ஜ்களை லாரிகளில் ஏற்றி நியூ மெக்ஸிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக்கிடங்கில் புதைத்தது. 2014 ஏப்ரலில் அங்கே தோண்டி ஆயிரத்து முன்னூறு அளவில் வெளியே எடுத்தார்கள். மண்ணும் நசுங்கலுமாக இருந்த அவற்றை அந்த ஊர் அத்தாட்சிப் பத்திரத்தோடு ஏலம் விட்டது; ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதே விளையாட்டின் நல்ல, ஓடக்கூடிய பிரதி மிக மலிவாகக் கிடைக்கும்போது, நசுங்கியதற்கு அதைவிடப் பல மடங்கு கொடுத்தார்கள். வாங்கியவர்கள் விளையாட்டை வாங்கவில்லை, அது குப்பையான சரித்திரத்தை வாங்கினார்கள். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சரித்திரத்துக்கு விலை கொடுக்கிறவன் யாரையும் வஞ்சிக்கவில்லை.

வால்டர் பெஞ்சமின் 1931-ல் தன் புத்தகப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதைப் பற்றி எழுதிய கட்டுரையில், சேகரிப்பவனுக்கும் பொருளுக்கும் உள்ள உறவில் பயன் முக்கியம் பெறுவதில்லை என்ற நிலையை எடுக்கிறார். பொருளின் விதியை, அது கைமாறி வந்த பாதையை நேசிக்கிற உறவு அது. புத்தகத்தைப் பொறுத்தமட்டில் இந்தப் பார்வை சரி. படிக்கப்படாத புத்தகமும் வேறொரு பிரதியில் படிக்கப்படுகிறது. ஆகவே அலமாரியில் உறங்குவது பிரதிதான், நூல் உறங்குவதில்லை. யந்திரத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியுமா என்பதே கேள்வி.

2021 ஜூலையில் உறை பிரிக்காத சூப்பர் மாரியோ 64 கார்ட்ரிட்ஜ் ஒன்று அமெரிக்க ஏலத்தில் பதினைந்து லட்சத்து அறுபதாயிரம் டாலருக்குப் போயிற்று. தரம் மதிப்பிட்டு, மதிப்பெண் எழுதி, பிளாஸ்டிக் பேழையில் அடைத்துக் கொடுக்கும் கம்பெனிகள் இதற்கென்றே இருக்கின்றன. உள்ளே இருக்கிற சிப் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள உறையைப் பிரித்தால் விலை போய்விடும். பலர் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். எனக்குக் கொதிப்பு வரவில்லை. அந்த விளையாட்டு ஒரு கோடிக்கு மேல் விற்ற விளையாட்டு. ஒரு பிரதி பேழைக்குள் போனதால் உலகில் யாருக்கும் எந்த அனுபவமும் இல்லாமல் போகவில்லை. பணக்காரர்களின் அபத்தம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பெஞ்சமினின் அலமாரிப் புத்தகம் மாதிரிதான் அது, அவருடைய நேசம் இல்லாமல்.

உறுத்த வேண்டியது வேறிடத்தில், செய்தித்தாள்களுக்கு எட்டாத சிறிய தொகைகளில் நடக்கிறது. இயங்கும் வெக்ட்ரெக்ஸ் ஒன்றை வாங்கி, அட்டைப் பெட்டியில் திரும்ப வைத்து, விலை ஏறும் என்று மூடி வைப்பவன் உலகிலிருந்து ஒரு ஒளிர்தலைக் குறைக்கிறான். அதற்கு மாற்றுப் பிரதி கிடையாது. மாரியோவுக்குப் பேழை வெறும் உடுப்பு. பிக்சர் ட்யூபுக்கு அது சமாதி.

அவனிடமும் ஒரு பதில் இருக்கிறது. ஒளிரும் ஒவ்வொரு மணி நேரமும் ட்யூபைத் தேய்க்கிறது. ஒரே இடத்தில் நிலைத்துவிட்ட பிரகாசமான புள்ளி பாஸ்பரைச் சுட்டு நிரந்தரத் தழும்பாக்கிவிடும். நீங்கள் எரித்துத் தீர்க்கிறீர்கள், நான் எதிர்காலத்துக்காகக் காப்பாற்றுகிறேன் என்பான். இது வலுவான வாதம். சிலைகளையும் சுவரோவியங்களையும் காக்க நாமே சொல்லும் வாதம். ஆனால் யந்திரத்தின் உடற்கூறு இதற்கு ஒத்துழைப்பதில்லை. எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் சும்மா கிடந்தாலும் கெடுகின்றன. சில வகைகள் சும்மா கிடந்தாலே இன்னும் சீக்கிரம் கெடுகின்றன. பல பழைய கம்ப்யூட்டர்களின் பலகையில் பற்றவைத்த சிறு பாட்டரி, மூடிய பெட்டிக்குள் கசிந்து செம்புத் தடங்களை அரித்துத் தின்கிறது. பூட்டிவைத்த இருபது வருஷத்துக்குப் பிறகு எதிர்காலம் பெட்டியைத் திறக்கும்போது கிடைப்பது யந்திரத்தின் பிரேதம். ஆகவே காப்பாற்றுகிறேன் என்பவன் அவ்வப்போது திறந்து, கண்டென்சரை மாற்றி, மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறவனாக இருக்க வேண்டும். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டவன். கம்பெனிகள் தங்கள் யந்திரங்களைக் கைகழுவிய பிறகு, சர்க்யூட்டுகளை வரைந்து, கோளாறுகளைக் குறித்து, பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கும் ட்யூபை எப்படித் தொடுவது என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தப் பைத்தியக்காரர்கள்தான்.

கண்டென்சரை மாற்றினால் அது அதே யந்திரமா என்ற தீஸியஸ் கப்பல் கேள்வியை இங்கே சிலர் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதில் நேரம் கழிக்க விருப்பமில்லை. ஒளிர்கிறதென்றால் அதேதான்.

கடினமான கேள்வி பிய்த்து விற்பது பற்றியது. கமோடோர் 64 கம்ப்யூட்டரில் சிட் என்ற ஒலிச் சிப் இருக்கிறது. அதன் குரலுக்காகவே சங்கீதக்காரர்கள் அதைத் தேடுகிறார்கள். 1990களின் இறுதியில் ஸ்வீடனில் அதை வைத்தே ஒரு ஸிந்தஸைஸர் செய்து விற்றார்கள். கமோடோர் 1994-ல் திவாலானது. இனி அந்தச் சிப் பழைய உற்பத்தியிலிருந்து வரப்போவதில்லை. ஆகவே முழுக் கம்ப்யூட்டரைவிடப் பிடுங்கிய சிப்பை விற்பது சுலபமாகிறபோது, வியாபாரி கம்ப்யூட்டரைத் திறக்கிறான். செத்த யந்திரத்திலிருந்து எடுத்தால் அது கண் தானம் மாதிரி. ஓடுகிற யந்திரத்திலிருந்து எடுத்தால்? குரல் வேறொரு உடம்பில் தொடர்கிறது என்று சமாதானம் சொல்லலாம். கமோடோர் 64 ஒரு கோடிக்கு மேல் உற்பத்தியானதால் அந்தச் சமாதானத்தை ஏற்கிறேன். அதே கையை ஒரு வெக்ட்ரெக்ஸின்மேல் வைத்தால் ஏற்கமாட்டேன். தர்மம் எண்ணிக்கையைப் பொறுத்ததா என்று கேட்பவர்களுக்கு, மிச்சம் எவ்வளவு என்று தெரியாமல் இங்கே எந்தத் தர்மத்தையும் பேச முடியாது என்பதே என் பதில்.

விற்பவனைப் பற்றி ஸிஸரோ கி.மு. 44-ல் எழுதியது இன்றும் போதும். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து தானியத்தோடு ஒரு வியாபாரி வருகிறான். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். வாங்குபவர்களிடம் அதைச் சொல்ல வேண்டுமா? ஸ்டாயிக்குகளில் டயோஜினஸ், சரக்கின் குறையைச் சட்டம் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும், பொய் சொல்லாமலிருந்தால் போதும் என்கிறார். அவருடைய சீடர் ஆண்டிபேடர், தெரிந்த எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்கிறார். ஸிஸரோ ஆண்டிபேடர் பக்கம். பழைய யந்திர வியாபாரத்தில் இது இரண்டு திசையிலும் நடக்கிறது. விற்கும்போது 'சோதித்துப் பார்க்கவில்லை' என்ற வாசகம்: பல சமயங்களில் அதன் அர்த்தம், சோதித்தேன், ஓடவில்லை என்பது. சட்டப்படி பொய்யென்று நிரூபிக்கக் கடினமான பொய். டயோஜினஸ்கூட இதற்குத் துணை வரமாட்டார். வாங்கும்போது நிலைமை தலைகீழ். செத்துப்போனவரின் வீட்டுச் சாமான்களை விற்கும் குடும்பத்துக்கு, மேஜைமேல் கிடக்கும் கார்ட்ரிட்ஜ் என்னவென்று தெரியாது, இவனுக்குத் தெரியும். பல வருஷம் உழைத்துப் பெற்ற அறிவு அது, அதற்குக் கூலி வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும். ஆனால் அறிவுக்குக் கூலி என்பது ஒரு பங்கு. எதிராளியின் அறியாமையையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்வது கூலியில் சேராது.

இரு தரப்பும் அறியாமல் நடந்தால் குற்றமில்லை. நின்டென்டோவும் ஸோனியும் சேர்ந்து உருவாக்கத் தொடங்கி, பிரிந்துபோய்க் கைவிட்ட யந்திரத்தின் மாதிரி ஒன்று, திவாலான ஒரு நிதிக் கம்பெனியின் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏலத்தில் ஒருவருக்கு அற்ப விலையில் வந்து சேர்ந்தது. அது என்னவென்று 2015-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அவர் அதைப் பேழையில் அடைக்கவில்லை. பழுது பார்க்கக் கொடுத்து, கண்காட்சிகளுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஜனங்களுக்குக் காட்டினார். அதற்குப் பிறகு 2020-ல் மூன்று லட்சத்து அறுபதாயிரம் டாலருக்கு ஏலத்தில் விற்றார். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் இயக்கம், பிறகு பகிர்வு, பிறகு விலை.

வெக்ட்ரெக்ஸுக்கே திரும்பினால், அதை வடிவமைத்த ஸ்மித் எஞ்ஜினியரிங்கிடம் உரிமைகள் திரும்பி வந்தன. 1990களின் நடுவில் அது, லாப நோக்கின்றி யார் வேண்டுமானாலும் விளையாட்டுகளை நகலெடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அப்புறம் தனி மனிதர்கள் அதற்குப் புது விளையாட்டுகள் எழுதினார்கள், இன்னும் எழுதுகிறார்கள். தொலைந்த வண்ணத் தாள்களை மறுபடி அச்சிடுகிறார்கள். மறுஅச்சு என்று ஓரத்தில் குறிப்பவர்கள் உண்டு, குறிக்காமல் பழையதென்று விற்பவர்களும் உண்டு. இந்த ஆண்டு எழுதிய ஒரு விளையாட்டு ஒளிர வேண்டுமானால் நாற்பது வருஷத்துக்கு முந்தைய ட்யூப் ஒன்று எங்காவது ஒரு வீட்டில் மின்சாரத்தோடு இருக்க வேண்டும். ஆகவே கையிலிருக்கும் வெக்ட்ரெக்ஸை விற்கப்போகிறவன் முன்னால் இரண்டு பேர் நின்று, அதிக விலை சொல்பவன் மூடிவைக்கப் போகிறான், குறைந்த விலை சொல்பவன் அன்றிரவே பிளக்கைச் செருகப் போகிறான் என்று தெரிந்துவிட்டால், அந்த விலை வித்தியாசத்தைத் தன் நஷ்டம் என்று அவன் எழுதிக்கொள்ளக் கூடாது. ட்யூபின் பங்கு அது.