கூச்சமும் ஒரு சான்றா?

2022 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி தீக்குளித்து மாண்டார். மகனுக்கு மலைக்குறவர் என்று பழங்குடிச் சான்று கேட்டு அலைந்து, கிடைக்காமல் ஓய்ந்துபோனவர். இரண்டு நாள் செய்தியாக வந்து அந்த மரணம் அடங்கிவிட்டது. அடங்காமல் இருப்பது அதே கோரிக்கை. திருவண்ணாமலை மாவட்டத்தில் குருமன்ஸ் மக்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மனுவோடு நடந்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து போராடியும் இருக்கிறார்கள். கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: விசாரணையில் இருக்கிறது.

எதை விசாரிக்கிறார்கள்? இந்தக் குடும்பம் உண்மையிலேயே இன்ன பழங்குடிதானா என்பதை. அங்கேதான் அறம் சார்ந்த கேள்வி எழுகிறது. விசாரிக்கும் ஆய்வே ஐயத்துக்கு உரியதாக இருக்கும்போது, அதன் முடிவைக் காட்டி ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தி வைக்கலாமா? கூடாது. ஐயம் இருக்குமானால் அதன் பலன் மனு கொடுத்தவருக்கே போக வேண்டும்.

தமிழ்நாட்டில் 1989 நவம்பருக்கு முன் பழங்குடிச் சான்றை வட்டாட்சியரே கொடுத்தார். பிறகு அந்த அதிகாரம் கோட்டாட்சியருக்குப் போனது. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சான்றின் மெய்த்தன்மையைப் பார்க்க மாநில அளவில் கூர்நோக்குக் குழுவும் வந்தது. அந்த விசாரணையில் பழைய ஆவணங்களைத் துருவுவதோடு இன்னொன்றும் நடக்கும். குலதெய்வம் எது, கல்யாணத்தில் என்ன சடங்கு, இழவில் என்ன செய்வீர்கள், வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேள்விகள் வரும். பதில் ஏட்டில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பள்ளிக்கூடம் போய், டவுனில் வாடகை வீட்டில் இருந்து, மண்டபத்தில் கல்யாணம் முடித்த குடும்பம் இதில் எப்படித் தேறும்?

ஏட்டில் எழுதியவர் யார் என்றும் பார்க்க வேண்டாமா? எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். உழைப்பு பெரிது, ஐயமில்லை. ஆனால் அந்த உழைப்பில் ஒரு பகுதி, மனிதர்களை நிறுத்தி வைத்து மண்டையின் நீள அகலத்தையும் மூக்கின் நீள அகலத்தையும் கருவியால் அளந்தது. மூக்கின் அகலத்தில் சாதியின் தரம் தெரியும் என்று ரிஸ்லி போன்ற இனவியலாளர்கள் நம்பிய காலம் அது. அந்த அறிவியலை உலகம் கைவிட்டாயிற்று. தர்ஸ்டனின் தொகுதிகளோ இன்றும் சாதிச் சான்று வழக்குகளில் ஆதாரமாக வந்து உட்காருகின்றன. எலும்பிலும் தோலிலும் குல அடையாளம் எங்கே இருக்கிறது என்று சிவவாக்கியர் கேட்டு எத்தனை நூற்றாண்டு ஆயிற்று! அவரைப் பாடத்தில் வைத்த நாம், தர்ஸ்டனை அலுவலகத்தில் வைத்துக்கொண்டோம்.

சுதந்திர இந்தியா திருத்திக்கொண்டதா என்றால், அதுவும் பாதிதான். 1965இல் லோக்கூர் குழு பழங்குடிக்கு ஐந்து இலக்கணம் வகுத்தது: தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், வெளியாரிடம் பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. நான்காவதைக் கவனியுங்கள். கூச்சம் ஒரு சான்று! கோட்டாட்சியர் மேசை முன் நிமிர்ந்து நின்று உரிமையைக் கேட்பவர், கேட்கும் அந்த நிமிடமே இலக்கணத்தில் தவறிவிடுகிறார்.

வரைபடம் செய்யும் வேடிக்கை தனி. அரசின் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பழங்குடிக்கு மாவட்டக் கட்டு உண்டு. பழைய வடாற்காடு அதில் இருக்கிறது. ஆகவே ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் இருக்கும் மலையாளி பழங்குடி. ஈரோடு பிரிந்து வந்த பழைய கோவை மாவட்டம் அதில் இல்லை. ஆகவே ஈரோட்டின் பர்கூர் மலையில் அதே பெயரோடு வாழ்கிறவர் பழங்குடி அல்லர். இங்கே திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்களையே பாருங்கள். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றிய பிறகுதான் அவர்கள் பட்டியலில் ஏறினார்கள். அதற்கு முந்தைய நாளும் அதே மணிதான், அதே வெயில்தான். மாறியது கெஜட்.

நம் முன்னோர் வகைப்படுத்தாமல் இல்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கி, மனிதரை ஒரே படியில் நிறுத்தியது. (அதே மரபியல்தான் அந்தணர், அரசர் என்று நான்காகவும் பேசுகிறது; அது இடைச்செருகல் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு.) மணிமேகலை இன்னும் ஆழமாகப் போனது. வஞ்சியில் காப்பியத் தலைவி சந்திக்கும் அளவைவாதி, அறிவை அளக்கும் அளவைகள் வியாசருக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என்று விரித்துச் சொல்கிறான். பின்னர் அவளுடைய பௌத்த ஆசான் அறவண அடிகள் காண்டலும் கருதலும் ஆகிய இரண்டே போதும் என்று சுருக்கி, கருதல் எங்கெங்கே வழுக்கும் என்றும் வகை வகையாகக் காட்டுகிறார். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் அளவைக்குத் தனி இடம் கொடுத்தது. வள்ளுவர் மெய்யுணர்தலுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். பொருளை அளக்கும் முன் அளவையைச் சோதி என்பதே இவர்கள் எல்லோரும் வைத்த ஒழுங்கு. நாமோ படிக்கல்லை எடை போட்டுப் பார்க்காமல் அரிசி குறைகிறது என்று சாதிக்கும் கடைக்காரர்போல் நடக்கிறோம். திருவண்ணாமலை ரமணரின் ஊர். நான் யார் என்ற விசாரத்தை அவர் அவரவர் தமக்குள் நடத்தச் சொன்னார், எளியவரைக் கூப்பிட்டு நிறுத்தி நடத்தச் சொல்லவில்லை.

போலிச் சான்றில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் உண்டு. காட்டுநாயக்கன், கொண்டாரெட்டி என்ற பெயர்களில் நடந்த மோசடிகள் அசல் பழங்குடியின் இடத்தைத் திருடின. சோதனை வேண்டும். ஆனால் திருடனுக்குப் போட்ட வேலியில் வீட்டுக்காரரை மாட்ட வைப்பது நீதியன்று.

உச்ச நீதிமன்றம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. இடப்பெயர்வும் நவீன வாழ்வும் பிறரோடு கலந்த பழக்கமும் பழைய அடையாளங்களை மாற்றிவிடும். ஆகவே சடங்கு விசாரணையை உரைகல்லாகக் கொள்ளக் கூடாது என்று 2011இல் ஆனந்த் வழக்கில் சொன்னது. 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. தீர்ப்பு மலையேறி ஜமுனாமரத்தூர் வரை வர வேண்டாம், வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகம் வரையாவது வரட்டும். விசாரணையில் என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது, எந்த நூலோடு ஒப்பிட்டார்கள் என்பதை எழுத்தில் அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கட்டும். தவறென்றால் அவர்களும் மறுத்துப் பேசலாம். விசாரணையைக் கூடிய மட்டும் நாள்தோறும் நடத்தி இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 1994 தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் விசாரணைக்கு அனுப்புகிறார்கள். அதிலுள்ள இரண்டு மாதம் மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.