ஐயுறுவது யாரை?

"இயந்திரம் பொய் சொல்லாது" என்கிறார்கள். மனிதன் சொன்னால் ஏன், எப்படி என்று கேட்கத் துணிந்த தலைமுறை, இயந்திரம் சொன்னதும் கைகட்டி, வாய் பொத்தி நிற்கிறது. சிலைக்கு மலர் தூவுவதை நிறுத்திவிட்டு, திரைக்குத் தூவத் தொடங்கிவிட்டோமோ என ஐயுறுகிறோம் நாம்.

குமராட்சிப் பக்கத்து வயல்களைப் பாருங்கள், தோழர்களே! கொள்ளிடக்கரைச் சேற்றிலே நாற்றுப் பறித்த விரல், நடவு நட்ட விரல், கதிர் அறுத்துத் தேய்ந்த விரல்... அந்த விரலைத்தான் நியாய விலைக் கடையிலே கருவியின்மேல் வைக்கச் சொல்கிறோம். 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்த ஏற்பாடு இது. ரேகை பொருந்தவில்லை என்கிறது கருவி. உழைப்புக்குச் சான்றான தேய்மானமே, அவர் அவரல்லர் என்பதற்கும் சான்றாகிவிடுகிறது! மாற்று வழிகள் உண்டு என்பது உண்மை; ஆனால் அவற்றைக் கேட்டுப் பெறவேண்டிய பாடு, வரிசையில் நிற்கும் மூதாட்டிக்கு.

கருவி செய்வதென்ன? ரேகை எங்கே முடிகிறது, எங்கே கிளைக்கிறது என்று குறித்து, முன்பு பதிந்ததோடு ஒப்பிட்டு, ஒற்றுமைக்கு ஒரு மதிப்பெண் இடுகிறது. அவ்வளவே. இத்தனை மதிப்பெண் இருந்தால்தான் ஏற்கலாம் என்ற கோட்டைக் கிழித்தவர் மனிதர். கோட்டை உயர்த்தினால் ஏமாற்றுவோர் குறைவர். உரியவர் பலர் வெறுங்கையோடு திரும்புவர். தாழ்த்தினால் நேர்மாறு. இது பொறியியல் மட்டுமா? யாருடைய அரிசி மறுக்கப்பட்டாலும் பாதகமில்லை என்று முடிவு செய்வதன்றோ! 100க்கு 98 வெற்றி என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய இருவர் மாதந்தோறும் மாறுகிறார்களா? இல்லை, உழைப்பு ஓயாதவரை தேய்ந்த விரல் அடுத்த மாதம் வளர்ந்துவிடாது.

சீமையிலும் இதே மயக்கம்தான். பிரிட்டனின் அஞ்சலகங்களில் 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் புகுந்தது. பணம் குறைகிறது என்றது அது. கிளை நடத்தியோர், "நாங்கள் எடுக்கவில்லை" என்று கதறினர். கணிப்பொறி சரியாகவே இயங்கியிருக்கும் என்று கொள்வது அந்நாட்டு வழக்குமன்ற மரபு. விளைவு? 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாயினர். சிலர் சிறை சென்றனர். மென்பொருளில் பிழைகள் இருந்தன என 2019இல் உயர்நீதிமன்றம் கூறிற்று. தனிச்சட்டம் இயற்றித் தண்டனைகளைத் துடைத்தெறிய 2024 ஆயிற்று.

இன்று செயற்கை அறிவு வந்திருக்கிறது. ரேகைக் கருவியின் கோட்டையாவது சுட்டிக்காட்டலாம். இதன் முடிவுக்குக் காரணத்தை, ஆக்கியவரே எளிதில் விளக்க முடிவதில்லை. அதை ஆக்கப்போகும் இளைஞர்கள் நம்மிடையே வளர்கிறார்கள். குளிரூட்டிய அறையில் உங்கள் மென்விரலை வைத்துச் சோதித்துவிட்டு, "வேலை செய்கிறது" என்று எழுதாதீர்கள். முதற்சோதனை அறுவடை முடிந்த வாரத்தில் குமராட்சியில் நடக்கட்டும். கருவி மறுத்தால், மறுப்பை மீறிப் பொருள் தரும் உரிமை கடைக்காரருக்கு இருக்கட்டும். மெய்ப்பிக்கும் சுமை கருவியைச் சேரட்டும். எத்தனை பேர் பொருள் பெற்றனர் என்பதோடு, எத்தனை பேர் விரல் வைத்துவிட்டுத் திரும்பினர் என்பதையும் மாதந்தோறும் கடை வாயிலிலே எழுதி வைக்கும்படி கேட்போம்.