நம்பிக்கையே முதல்

வாணிகம் என்றதும் பொருள், விலை, ஊதியம் என்னும் மூன்றுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. இம்மூன்றுக்கும் முற்பட்டு நிற்பது மற்றொன்று உண்டு, அதுதான் நம்பிக்கை. கடை வைக்கப் பணம் இல்லாதவர் வங்கியை நாடலாம். சரக்கு இல்லாதவர் மொத்த வியாபாரியை நாடலாம். நம்பிக்கையை இழந்தவர் நாடிச் செல்வதற்கு இடமே இல்லை. வாங்குவோர் உள்ளத்தில் அது சிறுகச் சிறுக விளைய வேண்டிய பயிர்.

இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலை, அவர்களுடைய செல்வத்தை மட்டும் பாடி அமையவில்லை. வாங்குகையில் உரியதற்கு மேற்பட்டுப் பெறாமலும் விற்கையில் உரியதற்குக் கீழ்ப்பட்டுத் தராமலும் வாழ்ந்த நேர்மையையும் பாடுகின்றது. வள்ளுவரோ வணிகரைப் பற்றிய குறளைப் பொருட்பாலில், 'பொருள் செயல்வகை'யில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், 'நடுவு நிலைமை' அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். கடைக்காரரின் தராசும் நீதிபதியின் தராசும் வேறல்ல என்பதே அவ்வைப்பு முறை உணர்த்தும் செய்தி எனலாம்.

ஒரு பழைய வினா

ஆயினும், வணிகரின் நேர்மையை அறம் என்று உடனே ஒப்புக்கொள்ளலாமா என்னும் வினா எழத்தான் செய்கின்றது. செருமானிய மெய்யியலறிஞர் இமானுவல் காண்ட் 1785-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலொன்றில் இவ்வினாவை ஒரு கடையின் வாயிலாக எழுப்பினார். கடைக்காரர் ஒருவர் எல்லாருக்கும் ஒரே விலை சொல்கின்றார். விவரம் அறியாத குழந்தை வந்தாலும் விலையைக் கூட்டுவதில்லை. குழந்தை ஏமாறவில்லை என்பது உண்மையே. ஆனால், அவர் நேர்மையை விரும்பி நேர்மையாக நடந்தாரா, அல்லது பெயர் கெட்டால் வியாபாரம் கெடும் என்று கணக்கிட்டு நடந்தாரா? செயலை மட்டும் பார்ப்பவர்க்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும் என்பது காண்ட் காட்டிய சிக்கல்.

அவ்வாறாயின் இவ்விரண்டையும் பிரித்தறிய வழியே இல்லையா? உண்டு. ஊதியமும் நேர்மையும் ஒரே பாதையில் செல்லும்வரை ஒருவருடைய உள்ளம் வெளிப்படுவதில்லை. அவை பிரியும் இடத்திலேதான் அது வெளிப்படும். வாங்குபவரால் சரிபார்க்கவும் முடியாது, வேறு கடைக்குச் செல்லவும் முடியாது என்னும் நிலை ஏற்பட்டால், அங்கே நேர்மைக்குக் காவல் எதுவும் இல்லை. உள்ளம் ஒன்றே காவல். நம்பிக்கைக்கு உரியவர் யார் என்பதை அந்த இடமே தீர்ப்பளிக்கும்.

தோட்டத்துக் கடை

அத்தகைய இடம் எங்கோ தொலைவில் இருந்ததன்று. டாமன்சாரா – பூச்சோங் நெடுஞ்சாலையின் இருமருங்கும் வணிக வளாகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நெருங்கி நிற்கும் இன்றைய பூச்சோங், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்த நிலம். காசல்பீல்டு, கின்றாரா என்னும் பெயர்களை அங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அந்நாளில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் லயத்து மக்களுக்கு அருகில் இருந்தது ஒரே ஒரு மளிகைக் கடைதான். அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் அனைத்தும் அங்கே கடனாகவே வாங்கப்பட்டன. சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்படும். அட்டையில் 555 என்னும் எண் அச்சிடப்பட்ட சிறு குறிப்பேடு ஒன்று இக்கடன் வாழ்வின் அடையாளமாக இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் அறிமுகமாயிற்று.

அக்குறிப்பேட்டில் எழுதியவர் கடைக்காரர். கடன் பட்டவருக்கோ பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது. மரம் சீவப் போன தாய், பிள்ளையின் கையில் குறிப்பேட்டைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புவாள். கடைக்காரர் இரண்டு வெள்ளியை மூன்று வெள்ளி என்று எழுதினாலும் கேட்பார் இல்லை. கங்காணியே கடையும் வைத்துக் கடனும் கொடுத்த தோட்டங்களில், கணக்கைப் பற்றி வாய் திறப்பது வேலையைப் பற்றி வாய் திறப்பதாகவே முடியும். காண்ட் கற்பனையில் கண்ட குழந்தையும் கடையும் தோட்டத்தில் நாள்தோறும் மெய்யாகவே எதிர்ப்பட்டன.

அத்தேர்வில் தோற்ற கடைகள் உண்டு. வென்ற கடைகளும் உண்டு. வென்றவர்களை மக்கள் எவ்வாறு அறிந்தனர்? சிறந்த கடைக்காரர் எழுதியதோடு நில்லாமல் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவார். தவறுதலாகக் கூட்டி எழுதியிருந்தால் கேட்பதற்கு முன்பே அடித்துத் திருத்துவார். மழையால் வேலை குறைந்து சம்பளம் சுருங்கிய மாதத்தில் அரிசியை நிறுத்த மாட்டார். படிக்கத் தெரியாதவருக்குக் கணக்கைப் படித்துக் காட்டுவது மிகச் சிறிய செயல். ஆயினும், தலைமைப் பண்பு முழுவதும் அச்சிறு செயலுக்குள் அடங்கியிருக்கிறது. தன்னிடமுள்ள அறிவைப் பிறருடைய அறியாமையின்மீது ஏறி நிற்கும் படிக்கட்டாகக் கொள்ளாமல், அவரும் காணும்படி ஏற்றி வைக்கும் விளக்காகக் கொள்வதே அது.

பத்து வெள்ளியின் பயணம்

கடைக்கு வெளியே, ஒரு சமுதாயத்தின் அளவில் இதே தேர்வு நடந்ததையும் நோக்க வேண்டும். விடுதலைக்குப் பின் வெளிநாட்டு முதலாளிகள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். அவை துண்டு துண்டாக விலைபோயின. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழக்கும் நிலை வந்தது. அந்நாளில் மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். துண்டாடப்பட இருந்த தோட்டத்தை அதில் உழைப்பவர்களே வாங்கிவிட வேண்டும் என்பது அவர் வகுத்த வழி.

சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தவரின் மகன் அவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். கேட்டவர்களோ பத்து வெள்ளியைக் கொடுப்பதற்கும் பலமுறை எண்ண வேண்டிய ஏழைகள். குறிப்பேட்டுக் கணக்கில் ஏமாந்து பழகியவர்கள். அத்தகையோரிடம் கடிதம் எழுதிப் பணம் திரட்ட இயலாது. அவர் தோட்டம் தோட்டமாகச் சென்றார். பத்து வெள்ளி போடுங்கள் என்று அவர்கள் மொழியிலேயே எடுத்துரைத்தார். கெடா மாநிலத்து புக்கிட் சீடிம் தோட்டமே சங்கம் வாங்கிய முதல் தோட்டமாயிற்று. கொடுத்த பணம் நிலமாக மாறியதைக் கண்ட பின்னரே ஐயம் தெளிந்து மேலும் பலர் சேர்ந்தனர். 1979-இல் அவர் மறைந்தார். சங்கம் இன்றும் நிலைத்து நிற்கின்றது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலையும் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. 1980-களில் இதே சமுதாயத்தின் பொருளாதார நம்பிக்கையாக மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனம் எழுந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பத்துக் கோடி வெள்ளிக்கும் மேல் பங்கு முதலாகத் தந்தனர். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியோரும் அவர்களுள் உண்டு. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், 2010-இல், ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தர வேறொரு நிறுவனம் முன்வந்ததே அவர்கள் கண்ட முடிவு. 1986-இல் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கை முடக்கப்பட்டபோது, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கலங்கி நின்றனர். ஆதலின் இஃது ஓர் இனத்துக்கு மட்டும் உரிய குறையன்று.

இங்கே யார்மீது பழி என்பதை ஆராய்வது நோக்கமன்று. வணிகத்தில் இழப்பு வருவது இயல்பு; இழப்பை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதும் அறமாகாது. ஆனால், பங்கு வாங்கிய ஏழை தன் பணம் எங்கே இருக்கிறது, என்ன ஆயிற்று என்பதைச் செய்தித்தாள் வாயிலாக அறிய நேர்வது எவ்விடத்திலும் நிகழக்கூடாதது. நன்மை வந்தால் மேடையில் அறிவிப்பவர், தீமை வந்தால் முதலில் வீட்டு வாசலுக்கு வந்து சொல்லவும் கடமைப்பட்டவர். பணத்தின் இழப்பைக் காலம் ஆற்றலாம். நம்பிக்கையின் இழப்போ அடுத்த தலைமுறைக்கும் சொத்தாகப் போய்ச் சேர்கின்றது. இனி நேர்மையான ஒருவர் நல்ல திட்டத்தோடு வந்தாலும், முன்னவர் பட்ட கடனை அவரே தீர்க்க வேண்டியிருக்கும்.

ஒரே கை, ஒரே கத்தி

வாடிக்கையாளரின் அறியாமையும் வறுமையும் ஒன்றுசேரும் இடம் மருத்துவமனை. அறுவை நடப்பதை நோயாளி காண்பதில்லை; கண்டாலும் அவருக்கு விளங்குவதில்லை. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976-ஆம் ஆண்டில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் பல்லாயிரம் கண்களுக்கு ஒளி தந்தவர் அவர். பணம் செலுத்தக்கூடியவர்களின் கட்டணத்தைக் கொண்டே பணம் இல்லாதவர்களுக்கும் மருத்துவம் செய்வது அவர் வகுத்த முறை.

இரக்கத்தால் இலவசம் செய்வோர் பலர் உளர். இம்முறையின் சிறப்பு அதற்கும் அப்பால் உள்ளது. அறையிலும் படுக்கையிலும் வேறுபாடு இருக்கலாம். அறுவை செய்யும் மருத்துவர்களில் வேறுபாடு இல்லை. பணம் தருவோர் பிரிவிலும் இலவசப் பிரிவிலும் அதே மருத்துவர்கள் முறைமாறிப் பணியாற்றுகின்றனர். ஏழைக்கு ஒரு மருத்துவர், செல்வருக்கு வேறொரு மருத்துவர் என்னும் பாகுபாடு அங்கே இல்லை. விவரம் அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஒரே தராசு என்பதே வணிகரின் நடுவு நிலைமை என்றால், மதுரையில் கண்டது அதன் முழு வடிவம் எனத் தகும்.

இன்றைய படிப்பறியாமை

இவையெல்லாம் பழங்கதை, இன்று எல்லாரும் படித்தவர்கள், விலையைப் பொருளின்மேல் எழுதி வைக்கச் சட்டம் இருக்கிறது, பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் 1999-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது என்று சிலர் கூறலாம். சட்டம் வேண்டியதே. தராசுக்கு முத்திரை இடுவது அதனால் ஆகும். முத்திரையிட்ட தராசைப் பிடித்திருக்கும் கையினுள் புகுந்து பார்ப்பது அதனால் ஆகாது.

மேலும், எழுத்தறியாமை நீங்கியதே ஒழிய அறியாமை நீங்கவில்லை. பூச்சோங்கில் இன்று கார்ப் பட்டறைக்குச் செல்லும் பட்டதாரி, எந்த உதிரிப்பாகம் பழுது என்று பட்டறைக்காரர் சொல்வதை நம்பியே பணம் தருகின்றார். காப்புறுதி முகவர் நீட்டும் ஒப்பந்தத்தின் சிற்றெழுத்துகளை முழுதும் படித்துக் கையொப்பம் இடுவோர் எத்தனை பேர்? மருந்துக் கடையிலும் வீட்டு மேம்பாட்டாளர் அலுவலகத்திலும் இதே நிலைதான். தோட்டத்துத் தாயிடம் இருந்த 555 குறிப்பேடு, வடிவம் மாறிப் படித்தவர்கள் கைக்கு வந்துவிட்டது. ஆதலின், கேளாமலே கணக்கைப் படித்துக் காட்டும் கடைக்காரர் முன்னைவிட இன்றுதான் மிகுதியாகத் தேவைப்படுகின்றார்.

அவருக்கு இதனால் ஊதியம் வருமா? பெரும்பாலும் வரும். பட்டறைக்காரர் ஒருவர், இந்தப் பாகத்தை இப்போது மாற்ற வேண்டியதில்லை என்று உண்மையைச் சொல்லி அனுப்பினால், அன்றைய வருவாய் குறையும். அவ்வாடிக்கையாளரோ தம் உறவினர் அனைவரையும் அங்கே அழைத்து வருவார். ஆனால், அவ்வாறு வராமலும் போகலாம். வராதபோதும் அதையே சொல்பவர் எவரோ, அவரே காண்ட் தேடிய கடைக்காரர். ஊதியம் நேர்மையின் பின்னே நிழலாக வரும் பொருள். நிழலைப் பிடிக்கவே நடப்பவர், பொழுது சாய்ந்து நிழல் திசை மாறும்போது தாமும் திசை மாறிவிடுவார்.

ஆசிரியரின் தராசு

இப்பாடம் வணிகருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், தம்மிடமுள்ள விலைமதிப்பற்ற ஒன்றை ஆசிரியர் கையில் ஒப்படைக்கின்றனர். வகுப்பறைக்குள் நடப்பதை அவர்கள் காண்பதில்லை. கேட்டறியத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்கு ஒரு கவனம், பள்ளிக்கூட வாசலுக்கே வரத் தயங்கும் பெற்றோரின் பிள்ளைக்கு மற்றொரு கவனம் என்று இருக்குமானால், அதுவும் தராசைச் சாய்ப்பதே ஆகும். மாணவன் பின்தங்கியிருப்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே பெற்றோருக்குப் புரியும் சொல்லில் எடுத்துரைப்பவர், கணக்கைப் படித்துக் காட்டும் கடைக்காரரை ஒத்தவர். தேர்வு முடிந்த பின் மதிப்பெண் அட்டையை மட்டும் நீட்டுபவர், செய்தித்தாளில் இழப்பை அறியச் செய்பவரை ஒத்தவர்.

அன்று குறிப்பேட்டைக் கையில் பிடித்துக் கடைவாசலில் நின்ற பிள்ளை, தன் கணக்கைத் தானே படிக்க வேண்டும் என்பதற்காகவே தோட்டத்துப் பெற்றோர் அதனைப் பள்ளிக்கு அனுப்பினர். அப்பிள்ளை படித்தது, வளர்ந்தது, இன்று கடை முதலாளியாகவும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் மேசைக்கு இப்பக்கம் அமர்ந்திருக்கிறது. மேசைக்கு அப்பக்கத்தில் இப்போது வேறொருவர் நிற்கின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாத கணக்கை அது எவ்வாறு எழுதுகிறது என்பதே அப்பெற்றோரின் உழைப்புக்குக் கிடைக்கும் மறுமொழி.