காடையும் கைப்பேசியும்



டி.வி. பெட்டியைச் "சாத்தானின் பெட்டி" என்று நம் மூத்த ஊழியக்காரர்கள் மேடைதோறும் பிரசங்கித்த காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கிற்று. நம் வத்தலக்குண்டில் மொட்டைமாடி ஆண்டெனாவைக் கொடைக்கானல் மலைப்பக்கம் திருப்பித் திருப்பி, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கத்தின சத்தம் ஒரு காலம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் வந்தால் தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில்! அந்த நேரத்தில் ஜெபக்கூட்டம் வைத்தவர்கள் பட்ட பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

அதில் பரிசுத்தம் வழிந்தது என்று சொல்லவரவில்லை. மாமியார் மருமகள் சதியை வருஷக்கணக்கில் ஜவ்வாய் இழுத்த சீரியல்களும் அதில்தான் வந்தன. ஆனாலும் அதற்கு ஒரு முடிவு இருந்தது. நேரம் ஆனதும் ஒளிபரப்பு நிற்கும், திரை புள்ளி புள்ளியாய்க் கொதிக்கும், எல்லாரும் படுக்கப் போவார்கள். ஆகாத காட்சி வந்தால் பாட்டி தொண்டையைச் செருமுவாள். யாராவது எழுந்து அணைப்பார்கள்.

இப்போது என்ன ஆச்சு? 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா தண்ணீர்பட்ட பாடாயிற்று. கேட்டது, கேட்ட நேரத்தில், கையிலேயே. தரம் குறைவா? உள்ளதைச் சொல்லவேண்டும்: படப்பிடிப்பிலும் கதையிலும் பல தொடர்கள் பழைய சீரியலைவிட நேர்த்தியானவை. நல்லதும் உண்டு. 2020 ஊரடங்கில் படுக்கையிலிருந்த நம் முதியவர்கள் ஆராதனையைக் கேட்டது இதே போனில்தான்.

ஆனால் தேவபிள்ளையே, எண்ணாகமம் 11-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். மன்னாவுக்கு அளவு இருந்தது. காலையில் பொறுக்கவேண்டும், வெயில் ஏறினால் உருகிப்போகும், மிச்சம் வைத்தால் புழுக்கும். ஜனங்களுக்கு அது சலித்துப்போயிற்று. இறைச்சி கேட்டு அழுதார்கள். காற்று காடைகளைக் கொண்டுவந்து பாளயத்தைச் சுற்றிலும் குவித்தது. பகலெல்லாம், ராத்திரியெல்லாம், மறுநாளும் வாரினார்கள்! யாராவது தூங்கினதாக அங்கே எழுதியிருக்கிறதா? அந்த இடத்துக்குக் கிப்ரோத் அத்தாவா என்று பேர். இச்சித்தவர்களை அடக்கம்பண்ணின இடம்.

ஒரு பாகம் முடிந்ததும் அடுத்தது சில விநாடியில் தானாய் ஓடுகிறதே, அது தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்? தங்களுக்குப் போட்டி மனுஷருடைய தூக்கம்தான் என்று 2017-ல் நெட்ஃபிளிக்ஸின் தலைவரே வெளிப்படையாய்ச் சொன்னார். உங்கள் மகன் ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் பார்ப்பது அவர்கள் கணக்கில் லாபம். காலை ஜெபத்துக்கு அவன் எழும்பாதது யார் கணக்கில்?

பாட்டியின் செருமலும் அங்கே இல்லை. காதில் இயர்போன். ஆகான் பாபிலோன் சால்வையைப் புதைத்தது கூடாரத்துக்குள். வெளியே பார்த்தவனுக்கு அவனும் நல்ல இஸ்ரவேலன்தான்.

பெற்றோரே, போனைப் பிடுங்கி உடைக்கச் சொல்லவில்லை. உடைத்தால் பக்கத்து வீட்டுப் போன் இருக்கிறது. சினிமாவுக்கு உள்ள சென்சார் சான்றிதழ் இந்தத் தொடர்களுக்குக் கிடையாது. ஆனால் 2021 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொன்றிலும் வயது அடையாளம் போடவேண்டும். 13 வயதுக்கு மேல் என்று குறித்தவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் வைத்துக்கொடுக்கவேண்டும். பூட்டு வந்துவிட்டது, போடுகிற கைதான் இல்லை. தானாய் ஓடுவதை நிறுத்தவும் செட்டிங்கில் வழி உண்டு. தெரியாவிட்டால் வாலிபர் கூட்டத்துத் தம்பிகளிடம் கேளுங்கள், ஆராதனை முடிந்ததும் செய்துகொடுப்பார்கள். நம்பரை மட்டும் நீங்களே போடுங்கள். பிள்ளையின் பிறந்த வருஷத்தைப் போடாதிருங்கள். அது இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும்.